பெருமாயி வைத்த ரசம்

பெருமாயி அவரைக்காயை நார் உரித்துப் பொடிப்பொடியாக அரிந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் பெரிதாக விழுந்த துண்டை அவள் விட்டுவிடவில்லை. பொறுக்கி எடுத்து மறுபடி இரண்டாக்கினாள். பாத்திரம் நிறையக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் அதைக் கொட்டி, வெந்ததும் இறக்கி, வடிதட்டு வைத்துச் சாய்த்தாள். அடுத்த அடுப்பில் துவரம்பருப்பு. அதையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தாள். ஒரு சொட்டும் தங்கக் கூடாது என்று தட்டை இரண்டு முறை உதறினாள். வடிந்ததெல்லாம் ஆவி பறக்க அடியில் வைத்திருந்த போசிப் பாத்திரத்தில் சேர்ந்தது. போசியை மூடி அடுப்போரம் நகர்த்திவிட்டுக் கடுகு டப்பாவைத் தேடினாள்.

இத்தனை பாடும் ஓர் ஆளுக்காக. அவள் கணவர் குழந்தைவேலுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வாரத்தில் இரண்டு நாள் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி நாமக்கல் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். அங்கே இயந்திரம் செய்வது பாதி வேலை. மீதி, வீட்டில் தட்டில் விழுவதைப் பொறுத்தது. காயிலும் பருப்பிலும் இருக்கிற பொட்டாசியம் நல்ல உடம்புக்கு நல்லது. சிறுநீரகம் நின்றவருக்கு அது ரத்தத்திலேயே தங்கும்; காலை ஓயவைக்கும்; மிஞ்சினால் ஒரு வார்த்தை சொல்லாமல் இதயத்தை நிறுத்தும். அதனால் பொடியாக அரிந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ் அறிவுச்செல்வி ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்தாள். பெருமாயி ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

குழந்தைவேல் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு ஆந்திரா, ஒடிசா, ராஜஸ்தான் என்று வயசையெல்லாம் ரோட்டில் கழித்தவர். ஆடிக்கும் பொங்கலுக்கும் வருவார். வந்த களைப்பு தீருமுன் கம்பெனியிலிருந்து போன் வந்துவிடும். கல்யாணமாகி முப்பது வருடம் என்று பேர்தான். சேர்ந்து இருந்ததை மட்டும் எடுத்தால் மிகக் கொஞ்சம். பெருமாயிக்குக் கணவரின் முகத்தைவிட போனில் வரும் குரல்தான் நன்றாகப் பழக்கம். முதுகுவலிக்கு அவர் பாட்டுக்குப் போட்ட மாத்திரையும், கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பும் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டன என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவர் வீட்டோடு இருக்கிற ஆளானார்.

வந்தவரைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். அவரைப் படுத்தி எடுத்தது அரிப்பு. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்பார். சொறிந்து சொறிந்து முதுகெல்லாம் வரி வரியாக ரத்தம். அவள் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள். வெந்நீர்க் குளியலை நிறுத்தினாள். பச்சைத் தண்ணீரில் குளிக்கவைத்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெய் தடவினாள். பாலியெஸ்டர் சட்டைகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மேலுக்குப் போர்த்தினாள். சாப்பாட்டோடு விழுங்க வேண்டிய மாத்திரையை முதல் கவளத்துக்கே கையில் கொடுத்தாள். வாய் கசக்கிறது என்றால் பல் தேய்த்துக் கொப்பளிக்கவைத்த பிறகுதான் சோறு. அரிப்பு முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் அவர் தூங்கினார். தூங்குகிறவரைப் பார்த்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். தன் கை இவ்வளவு செய்யும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அதைவிட அவளைத் திகைக்கவைத்தது அவருடைய தாகம். ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைக் காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றிவிடுவாள். டீ, ரசம் எல்லாம் அதில் கழிவு. அவ்வளவுதான். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைவேல் ஒரு சின்ன ஐஸ் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்புவார். கேட்க மாட்டார்; பாட்டிலில் மிச்சமிருப்பது சாயங்காலத்துக்கு.

பக்கத்து வீட்டுச் சௌந்திரம் ஒருநாள் வேலியோரம் நின்று, “ஊரு ஊருக்குத் தண்ணி எடுத்துக் குடுத்த மனுசனுக்கு ஊட்டுல மருந்தாட்ட அளந்து ஊத்தறயே பெருமாயி” என்று குத்தினாள்.

பெருமாயிக்குச் சுருக்கென்றது. குழந்தைவேல்தான் பதில் சொன்னார். “ஆயிரம் அடி போயும் வராத தண்ணிக்கு வெயில்ல உக்காந்திருக்கறனுங்க. சாயங்காலம் வாரது உறுதின்னா உக்காந்திருக்க மாட்டனா?”

சௌந்திரம் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பெருமாயி சிரிக்கவில்லை. இந்த மனிதர் இத்தனை வருடம் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அன்றைக்குத்தான் கொஞ்சம் கண்டாள்.

இன்னொன்று, அவர் கை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை அறுவை செய்து இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே அதிரும். முதல்முறை தொட்டபோது பெருமாயி சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

“தூரத்துல ரிக் வண்டிக் கம்ப்ரசர் ஓடற மாதிரி இல்ல?” என்றார் அவர். “இது ஓடறவரைக்கும் வண்டி ஓடும்.”

அதிர்வு நின்றால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். தினமும் பார்க்க வேண்டும் என்று அறிவுச்செல்வி சொல்லியிருந்தாள். அதிலிருந்து தினமும் காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் பெருமாயி அவர் கைமேல் விரல் வைத்து நிற்பாள். கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல்தான் நிற்பாள். அவர் அசையாமல் காட்டிக்கொண்டிருப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. மறுமுறை எடுத்தார்கள், அப்போதும் இறங்கவில்லை. இப்படியே போனால் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிடலாம் என்று டாக்டர் பெருமாயியைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

குழந்தைவேல் இயந்திரத்தில் படுத்திருந்தார். அறிவுச்செல்வி கட்டிலருகே வந்து வீட்டுச் சமையலைப் பற்றிக் கேட்டாள். பெருமாயிக்கு ரோசம் வந்துவிட்டது. எப்படி அரிகிறாள், எவ்வளவு தண்ணீர் வைக்கிறாள், எப்படித் தட்டை உதறுகிறாள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

“நீங்க சரியாத்தான்மா செய்றீங்க” என்றாள் நர்ஸ். “காயில இருக்கறது பூரா அந்தத் தண்ணிக்கு எறங்கிரும். அதுக்குத்தான் வடிக்கச் சொல்றது. அப்படின்னா வேற எங்கிருந்தோ வருது.” பிறகு கட்டிலைப் பார்த்து, “ஐயா, வெளியில ஏதாவது சாப்பிடறீங்களா? திட்ட மாட்டேன், சொல்லுங்க” என்றாள்.

குழந்தைவேல் தன் ரத்தம் குழாயில் போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெருமாயியை ஒருமுறை பார்த்தார்.

“பஸ் ஸ்டாண்டுல வாழப்பழம் வாங்கித் தின்னுபோட்டனுங்க” என்றார். “அப்பப்ப.”

பெருமாயிக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பேசினாள். நாக்கை அடக்க முடியாதவருக்குத் தான் எதற்கு அடுப்பில் வேக வேண்டும் என்று கேட்டாள். அயோத்தியாப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கோகிலவாணிக்குப் போன் போட்டுச் சொன்னாள். மகள் அப்பாவைப் போனில் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினாள். சௌந்திரத்துக்கும் தெரிந்தது. “வாழப்பழம் திங்கறதுல கொரங்கு கெட்டுது போங்க” என்று அவளும் கேலி பேசிவிட்டுப் போனாள். குழந்தைவேல் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து காவல். அவர் தனியாகக் கடைப்பக்கம் போக முடியாது. பஸ் ஸ்டாண்டில் அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, தட்டும் தம்ளரும் காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. சோறு இறங்காத நாளில் ரசமாவது குடிக்க வேண்டும். அது லேசான ஆகாரம் என்பது அவள் எண்ணம். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு வாசம் தெரு வரைக்கும் போகிற மாதிரி வைப்பாள்.

“ரசம் இன்னிக்கு வேண்டாம் புள்ள” என்று அவர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

“ஏன், வாழப்பழம்னா எறங்குமா?” என்றாள்.

அவர் தம்ளரை எடுத்துக் குடித்தார். பாட்டிலில் இருந்த தண்ணீரில் அந்த அளவை அவள் கழித்தாள். அவர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு போட்டு, ரசத்தைத் தம்ளரில் ஊற்றி வைத்தபோது வாசலில் கிழங்கு வியாபாரி வந்து கூப்பிட்டார். தோட்டத்தில் குச்சிக்கிழங்கு பிடுங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவள் திரும்பினாள். தட்டருகே ஆளைக் காணோம். பின்கட்டுக்குப் போனாள். குழந்தைவேல் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தம்ளரைக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். செடியைச் சுற்றி மண்ணில் மிளகும் கொத்தமல்லிக் காம்பும் காய்ந்து கிடந்தன. இது முதல் முறையல்ல.

“என்ற ரசத்தை மண்ணுக்கா ஊத்தறீங்க?”

அவர் திரும்ப முயன்றார். கால் சொன்னபடி கேட்கவில்லை. சுவரோடு சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஓடிப்போய்த் தாங்கினாள். எழுப்பப் பார்த்தாள். தொடை இரண்டும் துவண்டிருந்தன.

“எந்திரிங்க.”

“முடியல பெருமாயி. காலையிலிருந்தே காலுல பலம் இல்ல.” மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: “அந்த ரசம்தான். நீ காயை வடிக்கற, தண்ணியைப் போசியில வெச்சுக்கற. பாறையில இருக்கறது தண்ணியோடதான மேல வரும்? நான் அதைப் பாத்துத்தான கீழ என்ன இருக்குதுன்னு சொல்லுவேன். அந்த நர்சு பொண்ணு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பருப்பு வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டுகிற வீட்டில் அவள் பிறக்கவும் இல்லை, வாழ்க்கைப்படவும் இல்லை. காய் வடித்த தண்ணீர், பருப்பு வடித்த தண்ணீர் இரண்டையும் சேர்த்துப் புளி கரைத்தால் ரசம். அவள் அம்மா அப்படித்தான் வைத்தாள். மாமியார் அப்படித்தான் வைத்தாள். காயிலிருந்து உதறி உதறி எடுத்த அத்தனையையும் ஒரு தம்ளரில் சேர்த்துக் காய்ச்சி, எதிரில் உட்கார்ந்து அவரைக் குடிக்கவைத்திருந்தாள்.

“வாழப்பழம்?” என்றாள்.

“அதைக் கண்ணுல பாத்தே ஒரு வருசமாச்சு.”

“அப்பறம் எதுக்குச் சொன்னீங்க?”

“எங்கப்பன் காரியத்துல அக்கா உன்னைச் சொன்னாளே, அன்னிக்கு நான் வாயைத் தொறக்கல.”

அவள் அதை ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. மறந்ததும் இல்லை. மாமனார் படுக்கையில் விழுந்தபோது கடைசிவரை பார்த்தவள் அவள்தான். அவர் கண்ணை மூடிய பிறகு, உறவு முழுக்கக் கூடியிருந்த இடத்தில் மூத்த நாத்தனார், பெருமாயி கைச்சோறுதான் அப்பனைக் கொண்டுபோய்விட்டது என்றாள். ஒடிசாவிலிருந்து காரியத்துக்கு வந்து சேர்ந்திருந்த குழந்தைவேல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் வண்டி ஏறிவிட்டார்.

“இன்னொருக்கா அந்தப் பேச்சு உன்ற மேல வரக்கூடாதுன்னு இருந்தேன்” என்றார். “உங்கிட்டச் சொன்னா நீ அடுப்பே பத்த வெக்க மாட்டே.”

புத்தி கெட்ட காரியம்தான். உயிர் போகிற விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தது தப்பிலும் பெரிய தப்பு. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டிருக்க அது நேரமில்லை. பெருமாயி சொல்லவும் இல்லை. அவர் கைமேல் விரல் வைத்துப் பார்த்தாள். அதிர்வு இருந்தது. அறிவுச்செல்விக்குப் போன் போட்டு, கால் துவண்டதையும் ரசத்தையும் சொன்னாள். முறை நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள் என்றாள் அவள். சௌந்திரத்தின் மகன் ஜெயபிரகாஷ் காரை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். கையில் ஒரு ஊசி போட்டார்கள். இதயம் தடுமாறத் தொடங்கியிருக்கிறது, சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டு, பொழுது சாயும் முன்பே இயந்திரத்தில் போட்டார்.

பெருமாயி கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். எத்தனையோ முறை பார்த்த இயந்திரம்தான். அன்றைக்கு அவளால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. உடம்பு ரத்தம் முழுக்க ஒரு குழாயில் வெளியே போய், கண்ணாடிபோன்ற ஒரு உருளைக்குள் நுழைந்து, இன்னொரு குழாயில் அவருக்கே திரும்பி வந்தது. அவள் சமையலறையில் செய்த வேலையைத்தான் அதுவும் செய்தது: வடித்தது. ஆனால் வடித்ததை அது வைத்துக்கொள்ளவில்லை. சாக்கடைக்குப் போகும் குழாய் சுவரோரம் ஓடியது.

அவர் தூங்கிப்போயிருந்தார். அவள் நினைத்துப் பார்த்தாள். இந்த மனிதர் ஒரு வாய்த் தண்ணீருக்குச் சாயங்காலம்வரை ஐஸ் துண்டை அடக்கிக்கொண்டிருக்கிறவர். அந்தத் தண்ணீரில் ஒரு தம்ளரைக் கழிக்கக் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே அந்த ரசத்தைக் குடித்திருக்கிறார். வைத்தவள் முகம் வாடக் கூடாது என்பதற்காக. முப்பது வருடத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் அவர் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. அழுகை வரவில்லை. போர்வை நழுவியிருந்தது. இழுத்துவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் குழந்தைவேல் கட்டிலைவிட்டு இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் கழிவறைவரை நடந்து திரும்பினார். ரத்தத்தில் அளவு இறங்கிவிட்டது என்று அறிவுச்செல்வி சொன்னாள்.

பெருமாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வராண்டாவுக்குப் போனாள். காலை முறைக்கு வந்தவர்களின் பெண்டாட்டிகளும் அம்மாக்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாழைப்பழக் கதை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

“அவரு வாழப்பழம் திங்கலீங்க” என்றாள் பெருமாயி, எல்லோருக்கும் கேட்கும்படி. “நான்தான் காய் வடிச்ச தண்ணியில ரசம் வெச்சுக் குடுத்தேன். என்ற மேல பழி வரக்கூடாதுன்னு அவரு ஏத்துக்கிட்டாரு.”

ராசிபுரத்திலிருந்து மாமனாரைக் கூட்டிவரும் நர்மதா என்ற தறிக்காரர் வீட்டு மருமகள் மெதுவாகக் கேட்டாள்: “ஏனுங்க அக்கா, அந்தத் தண்ணியைக் கொட்டியா போடறது? நானும் அதுலதான ரசம் வெக்கறேன்.”

“நானுந்தான்” என்றாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்த கந்தம்மாள். கடைசியில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி, தான் அதில் புளிக்குழம்பு கரைப்பதாகச் சொன்னாள்.

கதவருகே நின்ற அறிவுச்செல்வி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள். “வடிக்கணும்னு சொன்னேன். கொட்டணும்னு சொல்லல” என்றாள். பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பெண்கள் பெஞ்சில் முன்னால் நகர்ந்து கேட்டார்கள்.

பத்து மணி பஸ்ஸில் இருவரும் ஊர் திரும்பினார்கள். வீட்டில் நேற்றைய பாத்திரங்கள் போட்டது போட்டபடி கிடந்தன. போசியில் பழைய தண்ணீர் ஆடை படிந்திருந்தது. குழந்தைவேல் கயிற்றுக் கட்டிலை அடுப்படி தெரிகிற மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

“ஏனுங்க, கையைக் காட்டுங்க.”

காட்டினார். விரல் வைத்தாள். உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

பெருமாயி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சுரைக்காயைப் பொடியாக அரிந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தாள். போசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அம்மாவும் மாமியாரும் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று தோன்றியிருக்கும். பிறகு பின்கட்டுக் கதவைத் திறந்து, சூட்டோடு அவ்வளவையும் சாக்கடையில் கொட்டினாள். போசியைக் கழுவிக் கவிழ்த்தாள்.